முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

போன மாதம் பெங்களூர் அல்சூரில் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக், என் பைக்கின் பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூவைக் கையில் கொடுத்தார். தேய்ந்து இரும்பு தெரிந்தது. முன்பக்க டிஸ்க் பேடோ வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. "முன் பிரேக்கைச் சாமிக்கு நேர்ந்து விட்டிருக்கீங்களா சார்?" என்றார்.

எல்லாம் அப்பா செய்த வேலை. கிருஷ்ணகிரியில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதே, "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவ" என்று சொல்லிவிட்டார். அது மனதில் ஒட்டிக்கொண்டது. பெங்களூருக்கு வந்து பத்து வருடமாகியும் பின் பிரேக் பெடலை மிதிக்கும் வலது கால்தான் எனக்கு பிரேக்.

அந்தப் பழக்கத்தின் விலை ஒரு மாலை ஓசூர் ரோட்டில் தெரிந்தது. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. பெடலை ஏறி மிதித்தேன். பின் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு இழுத்தது, வண்டி வாலை ஆட்டியது, ஆட்டோவுக்குப் பக்கத்தில் குறுக்காகப் போய் நின்றேன். விழவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் எடையில் இருக்கிறது. பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான டயரை எவ்வளவு மிதித்தாலும் அது தேய்த்துக்கொண்டுதான் போகும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்பது இதனால்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறோம். காய்ந்த தார் ரோட்டில் இரண்டையும் ஒழுங்காகப் பிடித்தால், பிரேக் பிடித்ததிலிருந்து சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இருமடங்கு. அந்தக் கூடுதல் தூரத்தில் ஒரு முழு பஸ் நிற்கும்.

அதற்காக அப்பா சொன்னது சுத்தப் பொய்யும் இல்லை. முன் லீவரை வெடுக்கென்று இழுத்தால், பாரம் முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டினால் காலை எடுத்துச் சமாளிக்க நேரம் இருக்கும். முன் சக்கரம் வாரிவிட்டால் யோசிப்பதற்குள் தரையில் கிடப்போம். வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மெட்ரோ வேலை நடக்கும் இடத்து மணலிலும், கோடை முடிந்து வரும் முதல் மழையில் எண்ணெய் மிதக்கும் ரோட்டிலும் இந்த பயம் நியாயமானது.

பின் பிரேக்குக்கு என்று தனி ராஜ்யமே இருக்கிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து போகும்போது, யூ டர்ன் போடும்போது, மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது அதுதான் கை கொடுக்கும். பின்னால் ஆள் இருந்தால் அதன் பிடி இன்னும் கூடும். ஆனால் சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் முழுக்க அதையே மிதித்துக்கொண்டு போகாதீர்கள். டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கியரைக் குறைத்து எஞ்சினையே இழுத்துப் பிடிக்க விடுங்கள்.

"என் வண்டியில ஏ.பி.எஸ். இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயமானது. 125 சிசி வரை, ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சி.பி.எஸ்.ஸாவது வேண்டும் என்றானது. ஆனால் சிங்கிள் சேனல் வகை என்றால் ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் பழையபடி பூட்டும்.

என்னைக் கேட்டால், நேர் ரோட்டில் இரண்டும்தான். பெடலை லேசாக அழுத்தி, உடனே முன் லீவரை இரண்டு விரலால் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஞாயிறு காலையில் ஆளில்லாத லேஅவுட் ரோட்டில், 30 வேகத்தில் பழகிப் பார்த்தேன். ஒரு மரத்தருகே வந்ததும் பிரேக். முதல் வாரம் அடுத்திருந்த மின்கம்பத்தைத் தாண்டிப் போய் நின்றேன். மூன்றாவது வாரம் கம்பத்துக்கு நாலடி முன்னாலேயே வண்டி நின்றது.