மல்-டி: ஆணித் துப்பாக்கியா, கம்பித் துப்பாக்கியா?

‘ரிஸ்க் ஆஃப் ரெயின் 2’ 2020 ஆகஸ்டில் முழு வடிவம் பெற்ற ரோக்லைக் அதிரடி விளையாட்டு; அதாவது, செத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டியது. அதன் பாத்திரங்களிலேயே விசித்திரமானது மல்-டி என்னும் வேலைக்கார ரோபோ. மற்றவர்கள் ஒரு முதன்மை ஆயுதத்தோடும், வேண்டும்போது இயக்கும் ஒரு சாதனத்தோடும் களமிறங்க, மல்-டி இரண்டு ஆயுதங்களையும் இரண்டு சாதனங்களையும் சுமந்துவந்து, ‘ரீடூல்’ என்னும் திறனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நொடியில் மாறுகிறது. மொரீஷியஸின் ரோஸ்-ஹில்லில் இருவர், காத்ர்-போர்னில் ஒருவர், கடலுக்கு அப்பால் ரெயூனியோனின் சான்-ஆந்திரேயில் ஒருவர் என நால்வராகச் சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவில் ஓயாமல் எழும் வழக்கு இதுதான்: மல்-டியை ஆணித் துப்பாக்கியை நம்பி வளர்ப்பதா, கம்பித் துப்பாக்கியை நம்பி வளர்ப்பதா?

ஆணித் துப்பாக்கி ஒவ்வோர் ஆணிக்கும் பாத்திரத்தின் அடிப்படைச் சேதத்தில் 70% தருகிறது. ஆணிகள் மழையாகப் பொழிகின்றன. ஆனால் தொலைவு கூடக்கூட அவை சிதறி வலுவிழக்கின்றன என்பதோடு, வழியில் பொறுக்கும் பொருள்களின் விளைவுகளைத் தூண்டும் வாய்ப்போடு பெருக்கப்படும் குணகமும் 0.6 மட்டுமே. கம்பித் துப்பாக்கி ஒரு கணம் தயாராகி, எதிரிகளை ஊடுருவிச் செல்லும் ஒற்றைக் கம்பியை 600% சேதத்தோடு எய்கிறது. குணகம் முழுதாக 1. எது வலிமையானது என்று இந்த எண்களை மட்டும் வைத்து வாதிடுவது வீண் என்பது என் கருத்து. வழியில் கிடைக்கும் பொருள்கள் அடிகளின் எண்ணிக்கையைப் பார்க்கின்றனவா, ஒவ்வோர் அடியின் கனத்தைப் பார்க்கின்றனவா என்பதே இங்கே தீர்ப்பு சொல்கிறது.

ட்ரை-டிப் டேகர் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு டேகர் 10% வாய்ப்பில் இரத்தப்போக்கை உண்டாக்குகிறது. ஆணிக்கு அந்த வாய்ப்பு 6% ஆகக் குறைகிறது. ஆயினும் இரத்தப்போக்கின் 240% சேதம் பாத்திரத்தின் அடிப்படைச் சேதத்திலிருந்து கணக்கிடப்படுகிறதே தவிர, பட்ட அடியின் கனத்திலிருந்து அன்று. எனவே 70% ஆணி தூண்டினாலும் 600% கம்பி தூண்டினாலும் வடியும் இரத்தம் ஒன்றுதான். அடிக்கடி தைக்கும் ஆணிக்கே இலாபம். அடிக்கு அடி சிறிது உயிர் மீட்டுத்தரும் லீச்சிங் சீடுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஏடிஜி ஏவுகணை என்னும் பொருளில் கணக்கு தலைகீழாகிறது. 10% வாய்ப்பில் பாயும் அந்த ஏவுகணை, தன்னைத் தூண்டிய அடியின் சேதத்தில் 300% தருகிறது. ஆணி தூண்டினால் அது 210%. கம்பி தூண்டினாலோ 1800%. யுகுலேலி என்னும் பொருளின் மின்னலும் இவ்வாறே அடியின் கனத்தை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. ருனால்ட், க்யாரோ ஆகிய இரண்டு வளையங்களோ 400 சதவீதத்தைத் தாண்டும் அடிக்கு மட்டுமே விழிப்பவை. எத்தனை ஆணிகளைப் பொழிந்தாலும் அவை அசையமாட்டா. கம்பி பட்டால் ருனால்டின் பனி 250 சதவீதமும், க்யாரோவின் தீச்சுழல் 300 சதவீதமும் அந்த 600% மீது ஏறுகின்றன; ஒரே கம்பியின் மொத்தப் பலன் 3900% ஆகிறது. மல்-டியின் தொடக்கச் சேதம் 11 என்பதால் இது 429 புள்ளிகள். கல் கோலம் (Stone Golem) என்னும் கல் அரக்க எதிரியின் தொடக்க உயிர்ப்புள்ளி 480. கோலத்தின் சிவப்புக் கோடு நம் மார்பில் நிலைகுத்தி, அதன் ஒற்றைக் கண் ஒளிரத் தொடங்கும் அந்த இடைவெளியில் ஒரு கம்பியைச் சரியாகச் செலுத்திவிட்டால், மிச்சம் இருப்பது இன்னொரு கம்பிக்கான வேலைதான். வளையங்கள் மீண்டும் விழிக்க 10 நொடி ஆகும் என்பது உண்மை. அந்த 10 நொடியிலும் கம்பி 600% கம்பியாகவே இருக்கிறது.

ஆகவே மான்சூன் என்னும் உயர் கடினநிலையில் தனியாக விளையாடுபவர்களுக்குக் கம்பியையே நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அங்கே ஆட்டம் முடிவது பெரும்பாலும் நெருங்கிப்போய் அடிவாங்குவதால்தான். எட்ட நின்று கொல்வது ஆணியால் முடியாத காரியம். கம்பிக்கும் குறை உண்டு. தலைக்குமேல் அலையும் விஸ்ப்பு என்னும் சிறு பறக்கும் எதிரிகளை ஒவ்வொன்றாகக் குறிபார்ப்பது வேதனை. அதற்குத்தான் ரீடூல் இருக்கிறது: ஆணியை எடுத்து வானத்தைத் துடைத்துவிட்டுக் கம்பிக்குத் திரும்பலாம். ஆனால் கை மாறலாமே ஒழிய, பொருள் சேர்க்கும் திட்டம் மாறக் கூடாது. ஒரு பொருளைக் கொடுத்தால் வேறொன்றைத் தரும் 3டி அச்சுப்பொறியின் முன் நின்று ஒருமுறை டேகர், ஒருமுறை வளையம் என்று இரு பக்கமும் பங்கு வைப்பவர்களின் மல்-டி இரண்டு ஆயுதங்களிலும் அரைகுறையாகவே நின்றுவிடுகிறது.

நால்வர் குழுவில் என் தீர்ப்பு சற்று நெகிழ்கிறது. சான்-ஆந்திரே தம்பி, “அண்ணா, வளையத்தை எனக்கு விடுங்கள், டேகரெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கும்போது அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கனமாக அடிக்கும் லோடர் என்னும் பாத்திரத்தை அவர் ஆடுகிறார், வளையம் அவர் கையிலும் வீணாகாது. முன்வரிசையைத் தாங்கத் தோழர்கள் இருக்கையில், மல்-டி நெருங்கிச் சென்று ஆணிகளைப் பொழிவதில் ஆபத்தும் குறைவு.

சாதனங்களுக்கு வந்தால், 3000% மின்னலை இறக்கும் ராயல் கெப்பாசிட்டரையும், பாதி உயிரை மீட்டுத்தரும் ஃபாரின் ஃப்ரூட்டையும் இணைத்து வைப்பதே எனக்குப் பிடித்த ஏற்பாடு. கூடுதலாகக் கிடைக்கும் ஃபியூயல் செல் இரண்டையும் வேகமாக நிரப்புகிறது. சாதனங்களைத் தானாகவே இயக்கிவிடும் ‘ஜெஸ்ச்சர் ஆஃப் த டிரவுண்ட்’ கிடைத்தால் மட்டும் பழத்தைக் கைவிடுங்கள். உடலில் கீறலே இல்லாதபோது அது செலவாகிவிடும்.

இரண்டு ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் இயக்கும் ‘பவர் மோட்’ என்னும் மாற்றுத் திறனைப் பலர் போற்றுகிறார்கள். அது தரும் 100 கவசம், வாங்கும் அடியைச் சுமார் பாதியாகக் குறைப்பது மெய்தான். ஆனால் ரீடூல் இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்வதால் இரண்டாம் சாதனத்துக்கு மாறும் வழி அடைபடுகிறது, நடையும் தளர்கிறது. இரு கையிலும் ஆணித் துப்பாக்கி, பை நிறைய டேகர், பக்கத்தில் மூன்று தோழர்கள் என்று அமைந்தால் எடுங்கள். தனியாக இருந்தால் ரீடூலை விட்டுக்கொடுக்காதீர்கள்.