முன்பல் ஃபில்லிங்கில் ஏறிய கறை: பாலிஷ் எதுவரை கை கொடுத்தது?

முன்பற்களில் பல் நிற காம்போசிட் ஃபில்லிங் இரண்டு வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. உறுதியில் குறையே இல்லை, கூச்சமும் கிடையாது. குறை நிறத்தில்தான். புதிதில் எது பல், எது ஃபில்லிங் என்று எனக்கே தெரியாது. அப்புறம் இரண்டும் இரண்டு விதமாக மாறின.

ஒன்று பளபளப்புப் போய் முழுக்க மஞ்சளாக மங்கியது. நாக்கால் தடவினால் லேசான சொரசொரப்பு. இன்னொன்று நடுவில் அப்படியே இருக்க, பல்லோடு சேரும் விளிம்பில் மட்டும் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் பழுப்பு.

காம்போசிட் என்பது ரெசின் எனும் பிளாஸ்டிக் மாதிரியான பொருளும் பொடிக் கண்ணாடித் துகளும் கலந்தது. ரெசின் வாயிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். கூடவே காபி, டீயின் நிறமும் இறங்கும். மேற்பரப்பு தேய்ந்து சொரசொரத்தால் கறைக்கு இன்னும் வசதி. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷைத் தொடர்ந்து கொப்பளித்தாலும் பழுப்பு ஏறும்.

மங்கியதற்கு டாக்டர் பாலிஷ் மட்டும்தான் போட்டார். முரட்டு டிஸ்க்கில் தொடங்கி நைசானது வரை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் பேஸ்ட். ஊசி இல்லை, வலி இல்லை. நிறம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. மிச்சமிருக்கும் லேசான மஞ்சள் ரெசினே பழசாகி வந்தது. அது பாலிஷில் போகாது.

விளிம்புக் கோடு மட்டும் மசியவில்லை. கோடு தெரிந்தாலே சொத்தை என்று அர்த்தமில்லை, இடுக்கில் கறை மட்டும் இறங்கியிருக்கலாம். சொத்தை இல்லை என்று பார்த்துக்கொண்டு, விளிம்பை மட்டும் செதுக்கி, ஆசிட் வைத்துக் கழுவி, பாண்டிங் எனும் ஒட்டுத் திரவம் தடவி, புது காம்போசிட்டை நீல ஒளியில் இறுக்கினார். பல் உலர்ந்தால் வெளுத்துத் தெரியும் என்பதால், பல்லுக்குப் பொருந்தும் நிறத்தை (ஷேட்) முதலிலேயே பார்த்துவிட்டார். முழுசாக மாற்றாமல் விட்டதில் எனக்குத் திருப்தி. ஒவ்வொரு முறை தோண்டும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

ப்ளீச்சிங் யோசிப்பவர்கள் கவனிக்க: பல்தான் வெளுக்கும், ஃபில்லிங் பழைய நிறத்திலேயே நிற்கும், பிறகு இன்னும் எடுப்பாகத் தெரியும். மாற்றுவதாக இருந்தாலும் ப்ளீச் முடிந்து சுமார் 2 வாரம் பொறுக்க வேண்டும். பல்லில் தங்கும் ஆக்சிஜன் ஒட்டுதலைக் கெடுக்கும். கரித்தூள் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், இருக்கும் பாலிஷையும் உரசி எடுத்துவிடும்.

ஒட்டுப் போட்ட விளிம்பு இன்றுவரை சுத்தமாக இருக்கிறது. பாலிஷ் போட்டது மறுபடி லேசாக மங்குகிறது. அடுத்த கிளீனிங்கின்போது அதற்கும் சேர்த்துக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.