டொங்காட் மணல் யார்டு: பர்மிட் கேட்டால் முகம் சுளிக்காத கடை

மகனுக்காக வீட்டுக்குப் பின்னால் ஒரு கிரானி ஃபிளாட் (சின்னத் தனி வீடு) கட்டுகிறோம். பூச்சு வேலைக்கு ஆற்று மணல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் எங்கள் டொங்காட்டில் மணல் விற்பவர்களுக்குக் குறைவில்லை. ஃபோன் போட்டால் சாயங்காலமே டிப்பர் வாசலில் நிற்கும். எங்கே அள்ளியது என்று கேட்டால் மட்டும் "ஆத்துலதான் அங்கிள்" என்று சிரிப்பார்கள்.

இந்த யார்டில் கேட்டதுமே கவுண்டரில் இருந்த பெண் ஃபைலை எடுத்து நீட்டியது. கனிம வளத் துறையின் மைனிங் பர்மிட், சுற்றுச்சூழல் அனுமதி, நீர்த் துறைக் காகிதம் எல்லாம் இருந்தன. இந்த பர்மிட் அதிகபட்சம் 5 ஹெக்டேருக்கு, 2 வருஷத்துக்குத்தான். பிறகு ஒவ்வொரு வருஷமாக மூன்று முறை புதுப்பிக்கலாம். அதனால் தேதியைப் பாருங்கள். காலாவதியான பர்மிட்டை லேமினேட் செய்து மாட்டியிருக்கும் யார்டும் இந்தப் பக்கம் உண்டு, பெயர் வேண்டாம்.

மணல் சுத்தம். ஜாம் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ராத்திரி முழுக்க வைத்தேன். மேலே படிந்த வண்டல் நகக்கனம்கூட இல்லை. முன்பு வேறொருவரிடம் வாங்கிய லோடில் நாணல் வேரும் கறுப்பு மண்ணும் கட்டிகட்டியாக வந்தன. அது ஆற்றுப் படுகையில் அள்ளியதில்லை, கரையையே வெட்டியது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி, மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குப் பக்கெட்டோடு காத்துக் கிடந்த ஊர் இது. இங்கே வெள்ளத்தைத் தாங்க இருக்கும் கரையில் கை வைக்கலாமா?

சட்டம் கடுமைதான்: சுற்றுச்சூழல் அனுமதியில்லாமல் தோண்டினால் 1 கோடி ரேண்ட் வரை அபராதம், 10 வருஷம் வரை சிறை. ஆனால் 2014 டிசம்பர் முதல் சுரங்கங்களின் சுற்றுச்சூழல் கண்காணிப்பு கனிம வளத் துறை இன்ஸ்பெக்டர்களிடம். கிரீன் ஸ்கார்ப்பியன்ஸ் என்கிற சுற்றுச்சூழல் இன்ஸ்பெக்டர்கள் வேறு, ஆற்றுத் தண்ணீருக்கு நீர்த் துறை வேறு. யாரிடம் சொல்வது என்று நாம் விசாரித்து முடிப்பதற்குள் டி.எல்.பி என்கிற மண் தோண்டும் மெஷின் ஆற்றின் அடுத்த வளைவுக்குப் போய்விடும். வாங்குகிறவர்கள் காகிதம் கேட்டாலே பாதிப் பேர் அடங்குவார்கள் என்பது என் கணக்கு.

குறை: லோடுக்கு 400 ரேண்ட் கூடுதல். டெலிவரியும் ஒரு நாள் தாமதம், கொத்தனாருக்குச் சும்மா கூலி கொடுத்தேன். அதனால் நாலு ஸ்டார்தான். டெலிவரி ஸ்லிப்பில் பர்மிட் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கான்கிரீட்டுக்கு ஆற்று மணல்தான் வேண்டுமென்று நிற்காதீர்கள். பாறையை உடைத்துச் செய்யும் கிரஷர் மணல் இங்கேயே விலை குறைவாகக் கிடைக்கும்.