வால்பாறைக்கு ஏறி இறங்கும் டிசையர்: மூன்று அளவு டயர் போட்டுப் பார்த்த அனுபவம்

எங்கள் வீடு பொள்ளாச்சியில், மனைவியின் தாய்வீடு வால்பாறையில். மாதம் இரண்டு முறையாவது ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கியாக வேண்டும். வண்டி 2016 மாருதி டிசையர் கார், பெட்ரோல், விஎக்ஸ்ஐ மாடல். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பல நாட்களில் அம்மாவும் உடன் வருவார். டிக்கியில் போகும்போது அரிசியும் தேங்காயும், வரும்போது தேயிலைத்தூளும் மிளகும். இந்த ஒன்பது ஆண்டில் மூன்று அளவு டயர்களை இதே சாலையில் ஓட்டிவிட்டேன். டயர் மாற்றப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டியோடு வந்த கம்பெனி டயர் 165/80 ஆர்14. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட 620 மி.மீ. வரும். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு செட் டயர் காசு மிச்சமாகியிருக்கும்.

2020 கடைசியில் 46,000 கி.மீ. ஓடிய பிறகு, டயர் மாற்ற ஒரு கடைக்குப் போனேன். "ஏனுங்க, 165 எல்லாம் சைக்கிள் டயராட்டம் இருக்குதுங்க. 185 போடுங்க, வண்டி ரோட்டைப் புடிச்சுட்டு ஓடும்" என்றார் கடைக்காரர். கையிருப்பில் இருந்தது 185/65 ஆர்14. ரிம் அதே 14 தானே, அகலம் கூடினால் நல்லதுதானே என்று நான்கையும் மாற்றிக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் சந்தோஷம்தான். வளைவுகளில் வண்டி சாயவில்லை. மைலேஜ்கூடக் குறையாதது போலத் தெரிந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. ஆள் நிறைய ஏறினால் எங்கள் தெருமுனை வேகத்தடையில் அடிப்பாகம் உரசியது. முன்பு ஒருநாளும் உரசியதில்லை. கோவையிலிருந்து சேலம் போகும்போது சாலையோரக் கல்லைப் பார்த்துக்கொண்டே போனேன். கல் கணக்கில் 50 கி.மீ. ஆனபோது மீட்டர் 52 காட்டியது.

மனைவியின் மாமா லாரி வைத்திருப்பவர். அவரிடம் சொன்னதும் ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். "மாப்பிள்ளை, அகலத்தப் பாத்தீங்க, உசரத்தப் பாக்காம விட்டுட்டீங்க."

185/65 ஆர்14 டயரின் விட்டம் 596 மி.மீ. தான். பழைய டயரைவிட 23 மி.மீ. குறைவு, அதாவது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. விட்டம் குறைந்தால் வண்டி அதில் பாதி, கிட்டத்தட்ட 12 மி.மீ., தாழ்ந்துவிடும். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றுவதால் மீட்டரும் கூடுதலாக ஓடும். நான் பார்த்து மகிழ்ந்த மைலேஜ் அந்தக் கூடுதல் கிலோமீட்டரில் வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒருநாள் மழையில், லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கும் ஒன்பதாவது வளைவுக்கு மேலே முன்சக்கரம் பங்க்சர். ஸ்டெப்னி, அதாவது டிக்கியில் இருக்கும் மாற்றுச் சக்கரம், பழைய 165/80. அதை முன்னால் மாட்டினால் இடது சக்கரம் ஒரு விட்டம், வலது சக்கரம் வேறு விட்டம். டிசையர் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் அந்த வித்தியாசத்தை விடாமல் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினேன். பிள்ளைகளை வண்டிக்கு வெளியே குடையோடு நிறுத்திவைத்து, கொட்டும் மழையில் இரண்டு சக்கரம் கழற்றி மாட்டிய அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை. அன்றைக்கே அந்த டயர்களை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

2021 நடுவில் 185/70 ஆர்14 போட்டேன். விட்டம் 615 மி.மீ., பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் குறைவு. வண்டியில் இருக்கும் 5 அங்குல அகல ரிம்மிலேயே பொருந்தும். எடை தாங்கும் எண்ணையும் பார்த்தேன். கம்பெனி டயரில் 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. புதியதில் 88, அதாவது 560 கிலோ. இந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது. குடும்பத்தோடு சாமானும் ஏற்றி மலை ஏறுகிறவர்கள் அகலத்துக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இதே டிசையரின் இசட்எக்ஸ்ஐ மாடலுக்குக் கம்பெனியே கொடுப்பது 185/65 ஆர்15. விட்டம் 621 மி.மீ. சொச்சம். அளவில் அதுதான் கச்சிதம். ஆனால் ரிம் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். என் கைக்கு அது அடங்கவில்லை.

"ஆல் சீசன் டயரா?" என்று கேட்டால் நம் ஊர்க் கடைகளில் எல்லாமே ஆல் சீசன்தான் என்பார்கள். பனி கொட்டும் நாடுகளில், 7 டிகிரிக்குக் கீழே போனால் ரப்பர் விறைத்துவிடுகிறது என்று குளிர்காலத்துக்குத் தனி டயர் போடுகிறார்கள். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை அதற்குத்தான். வால்பாறை மார்கழிக்குக்கூட நமக்கு அது வேண்டியதில்லை. நம் சீசன் இரண்டுதான்: சித்திரை வெயிலில் கொதிக்கும் பழனி ரோடு, ஆனி ஆடியில் விடாமல் நனையும் மலைப்பாதை. நான் பார்த்தது சுற்றளவில் ஓடும் பள்ளங்கள் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கின்றனவா என்பதை. அப்புறம் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்பு எண். 1421 என்றால் 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். ஒரு கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

185/70இல் நான்கு ஆண்டுக்கு மேல், 43,000 கி.மீ. ஓடியாயிற்று. இறங்கும்போது வளைவில் பிரேக் பிடித்தால் வண்டி நம்பிக்கையாக நிற்கிறது. பக்கச்சுவர் ஓரளவு உயரமாக இருப்பதால் குழிகளில் இடுப்பு வலிக்கவில்லை என்று அம்மா சொன்னார், எனக்கு அது பெரிய சான்றிதழ். மைலேஜ் 17.5 இலிருந்து 17க்கு வந்தது. பார்க்கிங்கில் திருப்பும்போது ஸ்டீயரிங் ஒரு பொடி கனம். தேங்கிய தண்ணீரில் மட்டும் பழைய 165 மேல்தான். ஒல்லியான டயர் தண்ணீரைக் கிழித்துப் போகும், அகலமானது வேகத்தில் மிதக்கப் பார்க்கும். மழை நாளில் சமவெளியிலும் 70ஐத் தாண்டுவதில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் முன் டயரின் வெளி ஓரத்தைத்தான் முதலில் தின்கின்றன. 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்ததால்தான் நான்கும் சமமாகத் தேய்ந்தன. காற்று, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, காலையில் டயர் ஆறியிருக்கும்போது. மலை இறங்கிய சூட்டில் அளந்துவிட்டு அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் குறைந்துபோய்விடும்.

சட்டப்படி 1.6 மி.மீ. பள்ளம் இருந்தால் போதும். மழையில் மலை ஏறுகிற எனக்கு 3 மி.மீ. தான் எல்லை. இந்த ஐப்பசியில் முன் டயர்கள் அதைத் தொட்டுவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதம் ஆனதும் வசதியாகப் போயிற்று. அதே 185/70 ஆர்14 போட்டேன்.

என் தங்கையும் இதே மாடல்தான் வைத்திருக்கிறாள். கோவை நகருக்குள் வீடு, அலுவலகம், பிள்ளையின் பள்ளி, அவ்வளவுதான். அவளுக்கு 165/80 ஐயே போடச் சொன்னேன். விலையும் குறைவு, அந்த ஓட்டத்துக்கு அது தாராளம்.

எனக்கு இந்த முறை ஐந்து டயர். ஸ்டெப்னிக்கும் அதே 185/70. டிக்கிக் குழியில் அடங்குமா என்று கடையிலேயே இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். அடங்கியது.