தியாக பண்டா, ஹிட்டுக்கான பண்டா?

பேஸ்பாலில் மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்து, பந்தைச் சில அடி தூரத்திலேயே நிற்க வைப்பதுதான் பண்ட். அதில் இரண்டு வகை. தான் அவுட்டாகி, ஏற்கெனவே பேஸில் (ஓட்டப்பாதையின் நிலைகளில் ஒன்றில்) நிற்கும் ரன்னரை அடுத்த பேஸுக்கு நகர்த்துவது தியாக பண்ட். தானே முதல் பேஸுக்கு ஓடிச் சேரப் பார்ப்பது ஹிட்டுக்கான பண்ட். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

காரணம், ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு அணிக்கு மொத்தமே 27 அவுட்தான். அமெரிக்க மேஜர் லீக்கில், அவுட் எதுவும் விழாமல் முதல் பேஸில் ரன்னர் நின்றால், அந்த இன்னிங்ஸில் அதன் பிறகு சராசரியாக 0.9 ரன்னை ஒட்டி வரும். தியாக பண்ட் கச்சிதமாக அமைந்து, ஓர் அவுட்டோடு அவர் இரண்டாம் பேஸுக்குப் போனால் அது 0.7 பக்கம் இறங்கிவிடுகிறது. வேலை சரியாக முடிந்தும் நஷ்டம்!

ஒரே ஒரு ரன் போதும் என்றால் கதை வேறு. மேஜர் லீக்கில் 2020 முதல் வழக்கமான சீசனில், ஆட்டம் சமமானால் ஆடும் கூடுதல் இன்னிங்ஸ்கள் இரண்டாம் பேஸில் ரன்னரோடுதான் தொடங்குகின்றன. எதிரணி ரன் எடுக்கவில்லையென்றால், அவரை மூன்றாம் பேஸுக்குத் தள்ளிவிடலாம். அப்புறம் உயரமாகத் தூரப் பறக்கும் ஒரு ஃப்ளை பந்தை எதிரணி பிடித்தாலும், அவர் ஓடி ரன் எடுத்து ஆட்டத்தை முடித்துவிடலாம். அங்கே தியாக பண்டை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் இதற்கு எப்போதுமே மரியாதை அதிகம்; யோமியுரி ஜயண்ட்ஸின் மசாஹிரோ கவாய் 533 தியாக பண்ட் போட்டவர்.

செய்முறையும் வேறு. தியாக பண்டில் பேட்டர் முன்கூட்டியே திரும்பி நின்று, முழங்காலை மடக்கி, மட்டையின் தலையைக் கைப்பிடியைவிட உயர்த்திப் பிடிக்கிறார். ஒளிக்க எதுவுமில்லை. ஹிட்டுக்கான பண்டில் கடைசி நொடி வரை அடிக்கப்போகிறவர்போல நிற்க வேண்டும். இடதுகை பேட்டருக்கு முதல் பேஸ் ஓரிரு அடி பக்கம். பந்து மட்டையில் படும்போதே கால் ஓடத் தொடங்கியிருக்கும். மூன்றாம் பேஸ் கோட்டோரம் பந்து மெல்ல உருண்டால், ஃபீல்டர் ஓடி வந்து வெறுங்கையால் எடுத்து எறிய வேண்டும்.

நன்றாக பண்ட் செய்பவர் என்று பெயர் வாங்கிவிட்டால் இன்னொரு லாபம். மூன்றாம் பேஸ்மேன் பயந்து முன்னால் வந்து நிற்பார்; அடுத்த பந்தை ஓங்கி அடித்தால் கையை நீட்டக்கூட அவருக்கு நேரமிருக்காது. பண்ட் கலைக்குப் பேர்போன ராட் கேரூ, 1972-இல் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் பேட்டிங் பட்டம் (அதிக பேட்டிங் சராசரிக்கானது) வென்றார்.

வேகமில்லாத பேட்டர் ஹிட்டுக்கான பண்டை முயலவே வேண்டாம். இரண்டு ஸ்ட்ரைக் (பேட்டர் கணக்கில் விழும் தவறு; மூன்றானால் அவுட்) விழுந்த பிறகு பண்ட் ஃபவுல் ஆனால், அதாவது கோட்டுக்கு வெளியே போனால், எந்த வகையானாலும் அவுட்தான், அதனால் முதல் பந்திலேயே முயல்வது நல்லது.