தேவி மாஹாத்மியம், கையடக்கத் தமிழ் உரைப் பதிப்பு: வாங்கலாமா?

தேவி அசுரர்களை வென்ற கதையைச் சொல்லும் வடமொழி நூல் தேவி மாஹாத்மியம். நவராத்திரி நெருங்கினால் பூஜைச் சாமான் கடைகளில் அடுக்கிவைக்கும் அதன் சின்னப் பதிப்புகளில் இதுவும் ஒன்று. மூலம் தமிழ் எழுத்தில், அடியில் பொருள். நூலுக்கு முன் சொல்லும் துதிகளான கவசம், அர்கலம், கீலகம், பிறகு 13 அத்தியாயங்கள், 700 மந்திரங்கள், எதுவும் விடுபடவில்லை. பாராயணத்துக்கு உட்கார்ந்தால்தான் சங்கடம்.

புத்தகத்தைக் கையில் ஏந்திப் படிக்கக் கூடாது, பலகையில் வைத்தே படிக்க வேண்டும் என்பது விதி. பசை ஒட்டிய பைண்டிங் என்பதால் இது பலகையில் விரிந்து நிற்காமல் தானே மூடிக்கொள்கிறது. பலமாக அழுத்தினால் முதுகு விட்டுத் தாள் கழன்று வரும். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தினால் அதை முதலிலிருந்து தொடங்க வேண்டிய பாராயணத்துக்குத் தையல் பைண்டிங்தான் சரி.

தமிழ் எழுத்தில் இல்லாத வடமொழி ஒலிகளைக் காட்ட எழுத்துக்கு மேல் 2, 3, 4 என்று எண் போட்டிருப்பது நல்ல காரியம். ஆனால் எண்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் 2 எது, 3 எது என்று தெரிவதில்லை. கவசத்தில் ‘பா⁴ர்யாம் ரக்ஷது பை⁴ரவீ’ என்று வரும் இடம் சரியாகவே அச்சாகியிருக்கிறது. இருபுறமும் ‘ப⁴’ நிற்பதால் நடுவிலும் நாக்கு ‘ப⁴க்ஷது’ என்று புரண்டுவிடும். மனைவியைக் காக்கச் சொல்லப் போய்த் தின்னச் சொன்னதாகும்! இங்கே ஓர் அடிக்குறிப்பு இருந்திருக்கலாம். ஐந்தாம் அத்தியாயத்து ‘யா தேவீ ஸர்வபூ⁴தேஷு’ சுலோகங்கள் 21. ஒவ்வொன்றும் மூன்று மந்திரம் என்ற கணக்கில் 63. முதலாவதை மட்டும் முழுதாக அச்சிட்டு, மற்றவற்றில் ‘நமஸ்தஸ்யை’ என்று ஒரு சொல்லோடு விட்டிருக்கிறார்கள். மூன்று தடவை சொல்ல வேண்டிய அதைப் புதிதாகப் படிப்பவர் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுவார்; கணக்கு குறையும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உரையில் உள்ள குறை பெரிது. நாடிழந்த சுரத மன்னன் காட்டில் மேதஸ் முனிவரின் ஆசிரமத்தில் இருந்துகொண்டு, தன் பட்டத்து யானை என்ன ஆயிற்றோ, சேர்த்த கஜானாவைக் கரைத்துவிடுவார்களோ என்று தவிக்கிறான். சொத்துக்காக மனைவி மக்களே துரத்திவிட்ட வணிகன் சமாதி, அவர்கள் நலமா என்று உருகுகிறான். மூலம் இதற்கு வைக்கும் பெயர் ‘மமத்வம்’, அதாவது ‘என்னுடையது’ என்கிற எண்ணம். மண்ணால் தேவியின் உருவம் செய்து மூன்று ஆண்டுகள் வழிபட்டபின், 13ஆம் அத்தியாயத்தில் மன்னன் நாட்டைக் கேட்கிறான். வணிகனோ ‘மம’ (என்னுடையது), ‘அஹம்’ (நான்) என்ற ஒட்டுதலை அறுக்கும் ஞானத்தைக் கேட்கிறான். முதல் அத்தியாயத்தில் விழுந்த முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. உரைகாரரோ அங்கே ‘பாசம்’, இங்கே ‘அகங்காரம்’ என்று எழுதிவைத்திருக்கிறார். இரண்டும் ஒரே சொல்லைப் பற்றியவை என்பது வாசகருக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் அத்தியாயத்திலும் இதே அவசரம். ரக்தபீஜன் என்ற அசுரன் சிந்தும் ரத்தத் துளி ஒவ்வொன்றும் மண்ணைத் தொட்டதும் இன்னொரு அசுரன் எழுவான். அதனால் தேவியின் உக்கிர வடிவமான சாமுண்டா ரத்தத்தை விழுமுன்பே வாயில் ஏந்திக்கொள்கிறாள். ‘ரக்தபீஜன் ஆசையின் உருவம்’ என்பதைப் பொருள் வரியிலேயே கலந்துவிட்டார் உரைகாரர். பொருத்தமான விளக்கம்தான், ஆனால் மூலத்தில் இல்லாதது. தனியாகப் பிரித்துத் தந்திருக்க வேண்டும்.

பத்தாம் அத்தியாயத்தைக் குறை சொல்ல முடியாது. பிறர் பலத்தில் போரிடுகிறாய் என்று அசுர மன்னன் சும்பன் ஏசும்போது தேவி, ‘உலகில் நான் ஒருத்தியே; எனக்கு இரண்டாவதாக வேறு யார்?’ என்கிறாள். அந்த வரி தமிழில் சுருக்கமாக, மிடுக்கோடு வந்திருக்கிறது.

பொருள் தெரிந்துகொள்ள வாங்கலாம், பாராயணத்துக்கு வேண்டாம். வாங்கியவர்கள் முதல் அத்தியாயத்தில் ‘பாசம்’ என்று வரும் இடங்களில் ‘என்னுடையது என்ற எண்ணம்’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டு படியுங்கள்.