நித்திரைக்கு எது: சாராயமா, குளிசையா, எழும்புகிற நேரமா?

இரவுத் தொழிலுக்குப் போய் விடியக் கரைக்கு வருகிறவர்களிடம் உப்புவெளிப் பக்கம் கதைத்துப் பாருங்கள், “கொஞ்சம் போட்டால்தான் கண் மூடும்” என்பார்கள். வயதுபோனவர்கள் குளிசையை நம்புகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை, ஆனால் ஏன் என்று சொல்லாவிட்டால் அது வெறும் புத்திமதியாகிவிடும்.

முதலில் சாராயம். நித்திரையை வேகமாகக் கொண்டுவரும், அதை மறுக்க முடியாது. மூளையைத் தணிக்கிற காபா என்ற இரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடுவதால் ஆள் அடித்துப்போட்ட மாதிரிக் கிடப்பார். சிக்கல் அதற்குப் பிறகுதான். இயல்பான நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகும். முன்பாதியில் ஆழ்நித்திரை கூட, பின்பாதியில் இமைக்குள் கண் ஓடுகிற கனவு நித்திரை கூட (கண் இப்படி ஓடுவதை 1953இல் எழுதிக்காட்டியவர்கள் சிக்காகோவில் இருந்த ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும்). மது முன்பாதியில் கனவு நித்திரையை அமுக்கி வைக்கும். ஈரல் மதுவை எரித்து முடிக்கிற நேரம் பார்த்து அமுக்கினதெல்லாம் கிளம்பும்: வேர்வை, நெஞ்சுப் படபடப்பு, பயங்கரக் கனவு, தொண்டை வறட்சி. காலை ஏழு மணிக்குப் படுத்தவர் பத்தரைக்கே முழித்துக்கொண்டு வெக்கையைக் குறை சொல்கிறார், வெக்கையும் காரணம்தான், ஆனால் பெரிய பங்கு போத்தலுக்கு. தொண்டைத் தசைகளும் தளர்வதால் குறட்டைக்காரருக்கு மூச்சுத் தடை கூடும். சில நாளில் உடம்பு பழகி, அதே அளவு போதாமல் போகும்.

சரி, குளிசை? டயசிபாம் என்ற மனதைத் தணிக்கிற குளிசை 1963இல் சந்தைக்கு வந்தது, அந்த வகை எல்லாம் மூளையில் மது ஒட்டாத வேறு இடத்தில் ஒட்டினாலும் உசுப்புவது அதே காபாவைத்தான். இடையில் முழிப்பது குறையும், ஆனால் ஆழ்நித்திரையும் குறைந்து மேலோட்டமான நித்திரை கூடும். ஒரு இழப்பு, ஒரு ஆஸ்பத்திரிக் காலம் என்று குறுகிய நாட்களுக்கு வைத்தியர் எழுதித் தந்தால் அதில் பிழையில்லை. மாதக்கணக்கில் போட்டால் பழகிப்போகும், விட்டால் நித்திரையின்மை முன்னையைவிட மோசமாகத் திரும்பி வரும். நாளாந்தம் போடுகிறவரும் நாளாந்தம் குடிக்கிறவரும் திடீரென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம், வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் மூச்சே நிற்கலாம். தடிமன் குளிசையில் தூங்குகிறவர்களும் உண்டு; சில நாளில் அதன் வேகம் போய்விடும், மந்தம் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவதுக்குக் காசு இல்லை, அதனாலோ என்னவோ மதிப்பும் இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புவது, நித்திரை வராவிட்டால் புரண்டு கிடக்காமல் எழும்பி இருந்துவிட்டுத் திரும்பப் படுப்பது. நாட்பட்ட நித்திரையின்மைக்கு மருந்துக்கு முன் இந்த வகைப் பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி என்ற வைத்தியர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. விழித்திருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் அடினோசின் சேரும், அதுதான் நித்திரைப் பசி. நேரத்தோடு எழும்பினால் இரவுக்குள் போதுமானது சேர்ந்துவிடும். எங்களூரில் சூரியனும் ஆண்டு முழுக்க ஆறு மணியை ஒட்டியே வருகிறது, அந்த வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தைத் திருத்தும். முதல் ஒன்றிரண்டு கிழமை பகலில் தூங்கித் தூங்கி விழுவீர்கள், அந்த நாட்களில் மோட்டார்சைக்கிள் ஓடுவதில் கவனம்.

என் தெரிவு மூன்றாவதுதான். ஆனால் கடல்தொழிலாளிக்கு இதை அப்படியே சொன்னால் அநியாயம். அவருக்கு அந்தக் காலை வெளிச்சமே எதிரி, வீட்டுக்கு வரும்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடட்டும், அறைக்குத் தடித்த திரை போடட்டும், வீட்டார் மதியம் வரை ஆளை எழுப்பாமல் விடட்டும். அப்புறம் அந்தப் பிளேன்டீ: அதிலுள்ள காபின் அடினோசினை மறித்து நிற்கும், பாதி குறையவே ஐந்து மணித்தியாலம் மட்டில் பிடிக்கும், நாலு மணிக்கு வள்ளத்தில் குடித்தது படுக்கிற நேரமும் வேலை செய்துகொண்டிருக்கும். கடைசிக் கோப்பையை நள்ளிரவு ஒரு மணிக்கு முன் முடித்துக்கொண்டால், போத்தல் தேவைப்படுகிற காலைகள் குறையும்.